அட்டையைப் படிக்கும் முன் பொருளைப் பாருங்கள்: அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் புதிதாகப் போகிறவர்களுக்கு

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வருகிறவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் "நல்லா இருந்தது" என்பார்கள். "எந்தப் பொருள் மனதில் நின்றது?" என்று அடுத்துக் கேட்டால் யோசிப்பார்கள். இரண்டு மணி நேரம் நடந்திருப்பார்கள், நூறு படம் எடுத்திருப்பார்கள், கால் வலித்திருக்கும். இதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப்போய் வரிசையாகக் கூட்டிவந்தார்கள். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வரிசையில்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

இனிமேல் நின்று பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் பழையது. அதற்கு வைத்த பெயர், பக்கத்து அட்டையில் எழுதிய விளக்கம், மேலே விழும் வெளிச்சம், எந்தப் பொருளுக்கு அருகில் அதை வைத்திருக்கிறார்கள் என்பது, இவை எல்லாம் பின்னால் வந்த மனிதர்கள் எடுத்த முடிவுகள். பொருள் ஒரு சாட்சி. அட்டை, அந்தச் சாட்சியை விசாரித்தவர் எழுதிய அறிக்கை. நல்ல அறிக்கையாகவே இருக்கலாம், ஆனாலும் சாட்சியை நாமும் ஒருமுறை நேரில் விசாரித்துவிட்டு அறிக்கையைப் படிப்பதுதான் முறை.

போவதற்கு முன்

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் சுமார் 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் மக்கள் பார்வைக்கு இருப்பவை ஏறத்தாழ 80,000. அதாவது நூற்றில் ஒன்று. மீதி கிடங்கில் இருக்கிறது. அங்கே ஓடி ஓடிப் பார்த்தவரும் நூற்றில் ஒன்றைத்தான் பார்த்திருப்பார். அந்த ஒன்றும் யாரோ தேர்ந்தெடுத்து வைத்தது.

அதனால் ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட நல்லது, ஒரு கேள்வியோடு போவது. "இங்கே இருப்பவற்றில் எவை சாதாரண மனிதர்கள் தினமும் கையில் எடுத்துப் புழங்கியவை?" என்பது எனக்குப் பிடித்த கேள்வி. "எவை உடைந்து ஒட்டப்பட்டவை?" என்பதும் நன்றாக வேலை செய்யும். கேள்வி கையில் இருந்தால் கண் தானாகவே சலித்து எடுக்கும்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். பல இடங்களில் கூடத்துக்குள் பேனாவால் எழுதவோ வரையவோ விடமாட்டார்கள், மை சிந்தினால் போகாது என்பதால். படம் எடுக்கலாமா, பை கொண்டுபோகலாமா, எந்தக் கூடம் மூடியிருக்கிறது என்பதை அவர்களின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கவனம் தாங்காது. நடுவில் உட்கார்ந்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு பொருள், ஐந்து நிமிடம்

கூடத்துக்குள் போனதும் ஒரு சுற்று மெதுவாக நடந்து வாருங்கள். எதையும் படிக்க வேண்டாம். ஏதாவது ஒரு பொருள் இழுக்கும். அதன் முன்னால் நின்று, அட்டையைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள். முதல் நிமிடம் முடிந்ததும் "பார்த்தாயிற்று" என்று தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும். மூன்றாவது நிமிடத்தில்தான் பொருள் பேசத் தொடங்கும்.

ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் மூலையில் இருந்த ஒரு மண்பானை எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. அட்டையில் "பானை, சுடுமண்" என்று இருந்தது, அவ்வளவுதான். குனிந்து பார்த்தபோது கழுத்துக்குக் கீழே, பானை ஈரமாக இருந்தபோது பதிந்த விரல் தடம் தெரிந்தது. நான்கு விரல்கள், பக்கத்தில் பக்கத்தில். விளிம்பில் ஓரிடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. தண்ணீர் சாய்த்து ஊற்ற எப்போதும் அந்தப் பக்கத்தையே யாரோ பயன்படுத்தியிருக்க வேண்டும். அடியில் ஒரு பக்கம் மட்டும் கரி ஏறியிருந்தது. செய்தவரும் புழங்கியவரும் அந்தப் பானையிலேயே இருந்தார்கள். அட்டையில் இருவருமே இல்லை.

இப்படிப் பார்க்க நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எதனால் செய்தது, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே உடைந்து ஒட்டியிருக்கிறது, இதைக் கையில் எடுத்தால் எப்படிப் பிடிப்போம். கடைசிக் கேள்விக்கு உங்கள் கையை வெறும் காற்றில் அசைத்துப் பாருங்கள். அளவு உடனே பிடிபடும். முடிந்தால் வரைந்து பாருங்கள். ஓவியம் அழகாக வர வேண்டியதில்லை. வரையும்போது கண் எதையும் தாண்டிப் போக முடியாது, அதற்காகத்தான்.

மொகஞ்சதாரோவின் புகழ்பெற்ற வெண்கலப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் பார்த்துப் பார்த்து அதை ஆளுயரச் சிலை என்று நினைத்திருப்பவர்கள் உண்டு. உயரம் 10.5 சென்டிமீட்டர்தான், ஒரு கைக்குள் அடங்கிவிடும். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலது கை இடுப்பில். இடது கையில் தோள்வரை வளையல்கள். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து நிற்கிறாள். பாதங்கள் உடைந்து போய்விட்டன. இவ்வளவும் கண்ணுக்குத் தெரிவது. "நடன மங்கை" என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது 1926-ல் அவள் கிடைத்த பிறகு, அகழாய்வுக் காலத்து அறிஞர்கள் தங்கள் ஊகத்தில் வைத்த பெயர். அவள் ஆடுகிறாள் என்பதற்கு நிற்கும் நிலை தவிர வேறு ஆதாரம் இல்லை. அதே ஊரில் கிடைத்த 17.5 சென்டிமீட்டர் மாக்கல் சிற்பத்துக்குப் "பூசாரி மன்னன்" என்று பெயர். அவர் பூசாரியா, மன்னனா, இரண்டும் இல்லையா என்று சொல்ல ஒரு வரி எழுத்துச் சான்றும் நம்மிடம் கிடையாது. சிந்துவெளி எழுத்தையே இன்னும் படித்தபாடில்லை. நூறு ஆண்டுகளாக அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி, பெயரே உண்மை போல ஆகிவிட்டது. பெயரை ஒரு நிமிடம் மறைத்துவிட்டுப் பார்த்தால் அவள் வேறு யாராகவும் இருக்கலாம் என்பது புரியும்.

சரி, இப்போது அட்டை

ஐந்து நிமிடம் ஆனதும் படியுங்கள். ஒரு விளக்க அட்டையில் மூன்று வகைச் செய்திகள் கலந்திருக்கும். அளந்து சொன்னவை: உயரம், எடை, கல்லா உலோகமா. பதிவிலிருந்து சொன்னவை: எந்த இடத்தில், எந்த ஆண்டில், யார் மூலம் வந்தது. மூன்றாவது, ஊகித்துச் சொன்னவை: யார் பயன்படுத்தினார்கள், எதற்காக. மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு அச்சாகியிருப்பதால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பென்சிலால் நோட்டில் பிரித்து எழுதிப் பாருங்கள். "சடங்குப் பொருள்" என்று எங்காவது பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பயன் தெரியாத பொருளுக்கு அந்தப் பெயரை வைக்கும் வழக்கம் தொல்லியலில் உண்டு.

அப்புறம் வினைச்சொற்களைக் கவனியுங்கள். "கிடைத்தது", "சேகரிக்கப்பட்டது", "கொண்டுவரப்பட்டது". யார் கொண்டுவந்தார்கள்? யாரிடமிருந்து? "பட்டது" என்று முடியும் வாக்கியத்தில் செய்தவர் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

பெனின் வெண்கலங்கள் என்று அழைக்கப்படும் பித்தளைத் தகடுகளும் தலைச் சிற்பங்களும் இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசுக்குச் சொந்தமானவை. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைப் பிடித்து, அரண்மனையைச் சூறையாடி, ஆயிரக்கணக்கான பொருட்களை அள்ளிக்கொண்டு போனது. அவை விற்கப்பட்டு ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பல தகடுகளின் பதிவெண்ணிலேயே 1898 என்ற ஆண்டு இருக்கிறது. அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் பதிவெண்ணை யாரும் படிப்பதில்லை. ஆனால் பல அருங்காட்சியகங்களில் பொருள் வந்து சேர்ந்த ஆண்டு அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். சூறை நடந்தது 1897, பதிவானது 1898. இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால் கதை தெரிந்துவிடுகிறது. 2022-ல் ஜெர்மனி தன் அருங்காட்சியகங்களில் இருந்த பெனின் பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. இன்று அவற்றைப் பற்றிய அட்டைகளும் மாறி வருகின்றன.

அதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரொசெட்டா கல்லில் இன்னொரு வேடிக்கையான உண்மை இருக்கிறது. மூன்று எழுத்துமுறைகளில் ஒரே செய்தியைச் சொல்லும் கல் அது என்று எல்லோருக்கும் தெரியும். கி.மு. 196-ஐச் சேர்ந்த ஆணை அது. 1799-ல் எகிப்தில் பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்தார்கள், அதைத் துணையாக வைத்து பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822-ல் எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்தார். எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது: ஒரு பக்கம், 1801-ல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது என்று, மறுபக்கம், மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வழங்கியது என்று. அந்தக் கல் லண்டனுக்கு வந்த கதையும் அந்தக் கல்லின் மேலேயே இருக்கிறது. பேழையைச் சுற்றி வரும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

கட்டடங்களும் இடிபாடுகளும்

வரலாற்றுச் சின்னங்களுக்குப் போகும்போது அட்டை குறைவு, நம்பிக்கை அதிகம். "அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது" என்று இடமே சொல்வதுபோல இருக்கும். இங்கே முதல் கேள்வி: இது எந்த ஆண்டைக் காட்டுகிறது?

ஏதென்ஸின் பார்த்தெனானைப் பார்க்கிறவர்களுக்கு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கோயில் தெரிகிறது. அது பல நூறு ஆண்டுகள் கிறித்தவத் தேவாலயமாக இருந்தது. பிறகு மசூதியானது. 1687-ல் உள்ளே வெடிமருந்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. அதற்குப் பின் இடிபாட்டுக்குள் ஒரு சிறிய மசூதி கட்டப்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் தனி நாடானதும், பழைய கிரேக்கம் மட்டும் தெரிய வேண்டும் என்று பிற்காலக் கட்டடங்களை அகற்றினார்கள். பார்த்தெனான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் வாயிலில் நின்ற இடைக்காலக் கோபுரமும் 1875-ல் இடிக்கப்பட்டது. இன்று அந்தக் குன்றின் மேல் தெரியும் வெற்றிடமும் மனிதர்கள் உருவாக்கியது. எதை இடித்தார்கள் என்று கேட்பது, எதைக் கட்டினார்கள் என்று கேட்பதைப் போலவே பயன் தரும்.

இரண்டாவது கேள்வி: எது அசல், எது பிறகு சேர்த்தது? கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனையில் சிவப்புத் தூண்களும் மாடிகளும் பளிச்சென்று நிற்கின்றன. 1900-ல் அங்கே அகழத் தொடங்கிய ஆர்தர் எவான்ஸ் பெரும் பகுதியைக் கான்கிரீட்டால் எழுப்பினார். அங்கே கிடைத்த புகழ்பெற்ற "லில்லி இளவரசன்" ஓவியம் சில துண்டுகளை இணைத்து உருவாக்கியது. அந்தத் துண்டுகள் ஒரே உருவத்தைச் சேர்ந்தவை அல்ல என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எவான்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் இல்லாவிட்டால் அந்த இடம் பலருக்கு வெறும் கற்குவியலாகத் தெரிந்திருக்கும். ஆனால் நாம் பார்ப்பது அந்தத் தீவின் பண்டைய மக்களான மினோவர்களின் அரண்மனையோடு எவான்ஸின் கற்பனையும் சேர்ந்தது என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

திரும்பக் கட்டியதாலேயே ஒரு இடம் பொய்யாகிவிடாது. இரண்டாம் உலகப் போரில் வார்சாவின் பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் அழிக்கப்பட்டது. போலந்து மக்கள் பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் பார்த்துப் பார்த்து அதை மறுபடி எழுப்பினார்கள். 1980-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. அங்கே திரும்பக் கட்டியதுதான் வரலாறே. பெர்லினின் நொயஸ் அருங்காட்சியகம் வேறு வழியில் போனது. குண்டுவீச்சில் இடிந்து பல பத்தாண்டுகள் கிடந்த அந்தக் கட்டடத்தை கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் சீரமைத்தார், 2009-ல் திறந்தார்கள். பழைய சுவரின் காயம் அப்படியே தெரியும், புதுச் செங்கல் தனியாகத் தெரியும்.

அசலையும் சேர்த்ததையும் பிரித்துப் பார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கல்லின் நிறம் திடீரென்று மாறும் இடத்தைத் தேடுங்கள். விளிம்புகள் ரொம்பக் கூர்மையாக இருந்தால் புதுக்கல்லாக இருக்கலாம். மழை படும் பக்கமும் படாத பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். சிமெண்ட் பூச்சு சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரியும். கட்டடத்தின் பின்பக்கத்துக்கும் போங்கள், சீரமைப்பு பெரும்பாலும் முன்பக்கத்தில்தான் கவனமாக நடந்திருக்கும். அந்த இடத்தின் பழைய புகைப்படம் ஒன்றை முன்பே போனில் எடுத்து வைத்துக்கொண்டு, அதே கோணத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

வழிகாட்டியிடம் என்ன கேட்பது

நல்ல வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள். "இது எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கல்வெட்டில் இருக்கிறது என்பாரா, ஆய்வில் சொன்னார்கள் என்பாரா, ஊரில் சொல்வார்கள் என்பாரா என்று பாருங்கள். மூன்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் மூன்றும் வேறு வேறு. ஊர்க்கதை, மக்கள் அந்த இடத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில், அங்கேயே கைதிகளாக இருந்தவர்கள் பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். நெல்சன் மண்டேலா தன் 27 சிறை ஆண்டுகளில் 18 ஆண்டுகள் இருந்த தீவு அது. அப்படி ஒருவர் பேசும்போது கேட்பது வாக்குமூலம். அங்கே கேள்வியைக் குறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பதே சரி.

யார் இங்கே இல்லை

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாளிகைக்குப் போனால் சமையலறை எங்கே, பின்படிக்கட்டு எங்கே, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். அந்த வழியாக நடந்தவர்கள் அந்த வீட்டில் ஒரு காலத்தில் பெரும்பான்மை.

அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையை நீண்ட காலம் ஒரு மேதையின் வீடாகவே காட்டிவந்தார்கள். அவர் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். 1998-ல் மரபணுச் சோதனை முடிவுகள் வெளிவந்தன. அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்ற முடிவுக்கு அதன்பின் அந்த மாளிகையை நடத்தும் அறக்கட்டளையே வந்தது. 2018-ல் சாலி ஹெமிங்ஸின் வாழ்க்கையைச் சொல்ல ஒரு அறையைத் திறந்தார்கள். அவர் முகம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு ஓவியம்கூட இல்லாததால், அந்த அறையில் முகத்தை யாரும் கற்பனையாக வரைந்து வைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

1992-ல் பால்டிமோரில் கலைஞர் பிரெட் வில்சன், மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் சொந்தக் கிடங்கிலிருந்தே பொருட்களை எடுத்து ஒரு கண்காட்சி அமைத்தார். ஒரு பேழையில் வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் குவளைகள். அவற்றின் நடுவில் அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. தலைப்பு வெறுமனே "உலோக வேலைப்பாடு, 1793–1880". விலங்கு எப்போதும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது, வெள்ளிக்குப் பக்கத்தில் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் பார்க்கும் பேழையிலும் மனதால் ஒரு பொருளைச் சேர்த்துப் பாருங்கள்: இதன் பக்கத்தில் எதை வைத்தால் கதை மாறும்?

துயரம் நடந்த இடங்கள்

இங்கே வேறு மனநிலை வேண்டும். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் துருப்பிடித்த ஒரு மூன்று சக்கரக் குழந்தை வண்டி இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 காலையில் மூன்று வயதுப் பையன் ஒருவன் அதை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அன்று இரவே இறந்துபோனான். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாகக் கல்லறையில் விட மனமில்லாமல், அப்பா அவனை வீட்டுத் தோட்டத்திலேயே வண்டியோடு சேர்த்துப் புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985-ல் தோண்டி எடுத்து, எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றினார். வண்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஹேண்டில்பார் இருக்கிறது, சக்கரங்கள் இருக்கின்றன. மண்ணில் கிடந்த துரு, அவ்வளவுதான்.

அதே அருங்காட்சியகத்தில் முன்பு, தோல் உரிந்து தொங்க நடந்துவரும் மனிதர்களின் பொம்மை உருவங்கள் இருந்தன. 2017-ல் அவற்றை அகற்றினார்கள். உண்மையில் இருந்தவர்கள் விட்டுச்சென்ற பொருட்களே பேசட்டும் என்பது அவர்கள் முடிவு. எதிர்ப்பும் வந்தது, பொம்மைகள் போனால் பயங்கரம் குறைந்துவிடும் என்றார்கள். இரண்டு பக்கத்திலும் அக்கறை இருக்கிறது. எனக்கு வண்டிதான் போதும் என்று தோன்றுகிறது. இப்படிப்பட்ட ஒரு முடிவு ஒவ்வொரு நினைவிடத்திலும் எடுக்கப்பட்டிருக்கும், அதைக் கண்டுபிடிக்கப் பாருங்கள்.

இந்த இடங்களில் செல்ஃபி வேண்டாம், சத்தம் வேண்டாம். சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன் வயது வரம்பு பற்றிய குறிப்பைப் படியுங்கள். அன்றே வேறு இடத்துக்கு ஓடத் திட்டம் போடாதீர்கள். வெளியே வந்து சும்மா உட்கார நேரம் வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

அன்றிரவே மூன்று வரி எழுதுங்கள்: நான் கண்ணால் கண்டது, அவர்கள் சொன்னது, எனக்கு இன்னும் தெரியாதது. மூன்றாவது வரிதான் அடுத்த முறைக்கான கேள்வி. பதிவெண்ணைக் குறித்து வந்திருந்தால், பல பெரிய அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியலில் அதைத் தட்டிப் பாருங்கள். அட்டையில் இடமில்லாமல் விட்ட செய்திகள், பழைய உரிமையாளர் பெயர்கள், பின்பக்கப் படம் எல்லாம் அங்கே கிடைக்கும். அதே பொருளைப் பற்றி, அது புறப்பட்டு வந்த நாட்டுக்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் தேடுங்கள்.

பார்வையாளர் புத்தகத்தில் "அருமை" என்று எழுதிவிட்டு வராதீர்கள். "இந்தக் கூடத்தில் மூன்றாவது பேழையில் உள்ள பானையில் விரல் தடம் இருக்கிறது, அதை அட்டையில் சேர்க்க முடியுமா?" என்று எழுதுங்கள். பொருளின் எண்ணையும் உங்கள் தொடர்பு விவரத்தையும் சேர்த்து எழுதினால் பதில் வர வாய்ப்பு உண்டு. நான் அப்படி எழுதிவிட்டு ஓராண்டு கழித்து அதே மூலைக்குத் திரும்பிப் போனேன். அட்டையில் ஒரு வரி கூடியிருந்தது: "கழுத்தின் கீழ் குயவரின் விரல் தடத்தைக் காணலாம்." என் பக்கத்தில் ஒரு அம்மா தன் மகளைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடி மேல் விரலை வைத்து அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.